கம்ப்யூட்டர் சீட்டுக்காக மாந்தோப்பை அடகு வைக்காதீர்கள்

போச்சம்பள்ளியிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு,

நீங்கள் மாம்பழக்கூழ் ஆலையில் பாய்லர் பார்க்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த மகள் மெக்கானிக்கல் கேட்கிறாள். உங்கள் மைத்துனரோ பெங்களூரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி முடித்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இரும்பு அடிக்கிற படிப்பு" என்கிறார். உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் தோப்பை அடகு வைக்கக் கூடாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றாலும் அதே கவுன்சலிங்கில் கேட்கலாமே! பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்க, எல்லை தாண்டிப் பணம் கட்டுவது கௌரவச் செலவு. நாலு வருஷக் கட்டணத்தில் மைத்துனர் ஒரு ரூபாயாவது போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி மகள் கேட்டதற்கு வருகிறேன். வெயிலைக் கண்ணாடிகளால் கோபுர உச்சியில் குவிக்கும் மின்நிலையங்களில் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் உருகிய உப்புக்குப் பதில் மணல் போன்ற துகள்களைச் சூடாக்க முடியுமா என்று தனித்தாளில் எழுதியிருக்கிறாள். முடியும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகமும் ஜெர்மனியின் டிஎல்ஆர் நிறுவனமும் செய்தே காட்டியிருக்கின்றன. உப்பு 565 டிகிரி வரைதான் தாங்கும்; அதற்கு மேல் சிதையத் தொடங்கும், 240-க்குக் கீழே குழாய்க்குள்ளேயே உறையும். சுட்டெடுத்த பாக்சைட் (அலுமினியத் தாது) துகளுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய கரும்துகள்கள் திரைபோல விழும்போதே வெயிலை நேரடியாக வாங்கி 700 டிகிரியைத் தாண்டுகின்றன. பிறகு காப்பிட்ட தொட்டியில் தங்கி, இரவில் மின்சாரத்துக்கு வெப்பம் தருகின்றன. ஜெர்மானியர்கள் சாய்ந்த டிரம்மைச் சுழற்றித் துகளை அதன் உட்சுவரில் ஒட்டவைத்து, யூலிஷ் நகரச் சூரியக் கோபுரத்தில் 900 டிகிரிக்கு மேல் போனார்கள்.

பிளஸ் டூ கணக்கே இதற்குப் போதும். ஒரு மெகாவாட் வெப்பத்தை வாங்கி 200 டிகிரி ஏற வேண்டும், தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 1.2 கிலோஜூல் என்றால், நொடிக்கு 4.2 கிலோ துகள் விழ வேண்டும். மேகம் மறைத்த உடனே துகளை விடும் கதவைக் குறுக்காவிட்டால் வெளிவரும் துகளின் சூடு இறங்கிவிடும்.

சிக்கல் வடிவமைப்பில்தான். விழ விழ வேகம் கூடுவதால் திரை மெலிகிறது. ஊடுருவும் வெயில் பின்சுவரைச் சுடுகிறது. நடுவில் தொட்டி போன்ற படி வைத்துத் துகளைத் தேக்கி மறுபடி விடுவது ஒரு தீர்வு. துகள் வெயிலை வாங்கும் அறையின் (இதுதான் ரிசீவர்) வாய் திறந்திருப்பதால் காற்று சூட்டையும் துகளையும் அள்ளிக்கொண்டு போகும். கதிர்வீச்சு இழப்பு இன்னும் பெரிது: கரும்பொருள் (படும் கதிரையெல்லாம் உறிஞ்சும் பொருள்) கணக்கில் 565 டிகிரியில் சதுர மீட்டருக்கு 28 கிலோவாட், 800-ல் 75. அதனால் வாயைச் சிறிதாக்க வேண்டும். வாய் சிறிதானால் கண்ணாடிகளின் குறி பிசகக் கூடாது. உராய்வில் துகளும் தேயும், தகடும் தேயும்.

கடைசி வருட புராஜெக்ட்டைத் தீயில்லாமலே செய்யலாம். 300 முதல் 600 மைக்ரான் சல்லடையில் சலித்த மணலை நன்றாகக் காயவைத்து (ஈரமிருந்தால் கட்டிதட்டி இடுக்கை அடைக்கும்), அது விழும் இடுக்கின் அகலத்தை மாற்றி மாற்றி ஓட்டத்தைத் தராசில் அளக்கட்டும். திரைக்கு முன்னால் விளக்கு, பின்னால் ஒளிமானி வைத்தால் எவ்வளவு வெளிச்சம் கசிகிறது என்று தெரியும்.

ரிசீவர் கம்பெனி ஓசூரில் இல்லை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் வெப்பப் பரிமாற்றம், துகள் ஓட்டம், உயர்வெப்பப் பொருள்கள் இந்த மூன்றும் தெரிந்தவருக்கு சிமென்ட் ஆலைச் சூளையிலும் பாய்லர் தயாரிப்பிலும் வேலை இருக்கிறது. கேட் (GATE) தேர்வு எழுதி ஐஐடியில் எம்டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே முடக்கிவைக்க வேண்டும், அது பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். அந்தப் பேச்சை அவள் மூன்றாம் வருடம் முடித்த பிறகு எடுங்கள். அதற்கும் தோப்புப் பத்திரத்தைத் தொடாதீர்கள். கல்விக்கடனாகக் கேளுங்கள், கையெழுத்தில் அவளும் இருக்கட்டும்.