நூறு வருடச் செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்குகிறோம். சுவரில் காரை உதிர்கிறது. சிமெண்ட் பூசலாமா?

கூடாது. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். பூச்சும் பாளம் பாளமாகக் கழன்று விழும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். பெரும்பாலும் முற்றத்து வடிகால் அடைப்பு அல்லது உடைந்த ஓடுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் பூசுவது வீண் செலவு.

பழைய சிமெண்ட் இருந்தால் கையுளியால் எடுங்கள். இயந்திரச் சுத்தியின் அதிர்வு செங்கல்லையும் பெயர்த்துவிடும். புதுப் பூச்சும் சுண்ணாம்புக் காரையாகவே இருக்கட்டும். நீற்றிய சுண்ணாம்பை, அதாவது சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் சேர்த்துக் கரைத்ததை, குறைந்தது மூன்று வாரம் தண்ணீருக்குள் ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் பூசிய பிறகு நீறி, மேற்பரப்பில் கொப்புளமாக வெடிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்றுமணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. சுவரை நன்றாக நனைத்துப் பூசுங்கள்; ஒரு தடவைக்கு 10 முதல் 12 மி.மீ. கனம் போதும். பிறகு ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் வெடிப்பு விடும்.

விடுதி என்பதால் இன்னொன்று: குளியலறைக் குழாய்களுக்காகப் பழைய சுவரை வெட்டாதீர்கள். வெளியில் தெரியும்படியே கொண்டுபோங்கள், கசிந்தால் உடனே கண்ணில் படும்.