கடைசி நாளுக்கு ஒரு வில்லுப்பாட்டு

அன்புள்ள ஐயா,

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். சுசீந்திரம், தேரூர் குளங்களைப் பற்றி ஆய்வு செய்ய நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். நான் பறவைகளைக் கணக்கெடுக்கிறேன். ஓர் ஓவியர், வரலாறு படித்த தோழி, ஒரு வில்லிசை அண்ணாவி (வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகர்) ஆகியோரும் இருக்கிறார்கள். திட்ட அறிக்கையின் கடைசிப் பத்தியில், ‘முடிவுகளை மக்களிடம் கொண்டுசெல்ல ஓவியக் கண்காட்சி, வில்லுப்பாட்டு’ என்று எழுதினோம். வாசித்துக் காட்டியதும் அண்ணாவி, “அப்போ நான் கடைசி நாளைக்கு வந்தாப் போரும், இல்லியா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. துறையிலோ, கலையை ஆய்வு என்று எழுதினால் நிதி கிடைக்காது என்கிறார்கள். கலைஞர்களோடு சேர்ந்து ஆய்வு செய்வது என்றால் உண்மையில் என்ன?

ஒரு வாசகி, சுசீந்திரம்

அன்புள்ள வாசகிக்கு,

அண்ணாவி கேட்டது நியாயம். ஆய்வாளர் கண்டுபிடிப்பார், கலைஞர் அதற்கு மெட்டுப் போடுவார் என்றால் அங்கே இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன, அவ்வளவுதான். கலைஞர் வந்ததால் உங்கள் கேள்வி மாறியதா? நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்.

1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கைச் சுற்றி ஒரு மூடுபனி எழுந்தது. அமைத்தவர் ஃபுஜிகோ நகாயா என்ற ஜப்பானியக் கலைஞர். பனிப்படிகங்களை ஆராய்ந்த இயற்பியலாளர் உகிசிரோ நகாயாவின் மகள். அமெரிக்காவின் கலைஞர்களும் பொறியாளர்களும் சேர்ந்து நடத்திய ஈ.ஏ.டி. என்ற அமைப்பு, மேக இயற்பியல் தெரிந்த தாமஸ் மீயை அவரோடு சேர்த்துவிட்டது. ரசாயனப் புகை போட்டால் வேலை சுலபம். நகாயா சம்மதிக்கவில்லை. மனிதர்கள் உள்ளே நடந்து மூச்சு விடவேண்டும், அதனால் வெறும் தண்ணீர்தான் என்றார். அந்தப் பிடிவாதத்தால்தான் மீ உயர் அழுத்தத்தில் நீரை நுண்துளிகளாகப் பீய்ச்சும் முறையை உருவாக்கினார். பிறகு அது பசுமைக்குடில்களுக்கும் குளிரூட்டலுக்கும் போனது. கலைஞர் அங்கே அலங்காரத்துக்கு வரவில்லை. அவர் வைத்த நிபந்தனை பொறியியலின் கேள்வியையே மாற்றியது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உங்கள் தேரூரில் பிறந்தவர்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. கல்வெட்டுகளைப் படித்து வரலாறு எழுதியதும், சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழிச் சொத்துரிமை நாஞ்சில்நாட்டு வீடுகளை என்ன செய்தது என்பதை மருமக்கள்வழி மான்மியமாகப் பாடியதும் ஒரே ஆள். அந்தப் பாட்டில் பேசுபவள் ஒரு மனைவி. சொத்து ஆவணங்களில் அவளுக்குக் குரல் கிடையாது. அவளைப் பேசவைத்ததால் தெரியவந்ததை நான் அறிவு என்றே சொல்வேன்.

சரி, உங்கள் குளத்துக்கு வருவோம். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அதே மாவட்டத்துக் குளங்களில்தான் தோவாளைப் பூச்சந்தைக்கான தாமரையும் வளர்கிறது. தாமரை பறவைக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால் உங்கள் எண்ணிக்கை ஒரு பதில் சொல்லும். ஆனால் இலைக்கோழிக்கு நடக்க, கூடு வைக்க மிதக்கும் இலை வேண்டும். முக்குளிக்கும் வாத்துக்குத் திறந்த நீர் வேண்டும். அப்படியானால் எந்த மாதத்தில் எவ்வளவு இலை, எவ்வளவு நீர் என்பதல்லவா கேள்வி? உங்கள் ஓவியர் ஒரே கரையில் உட்கார்ந்து கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களிலும் இலையும் நீரும் சந்திக்கும் எல்லையை வரைந்துகொண்டே வரட்டும். வரைகிறவர் ஓரிடத்தை மணிக்கணக்கில் பார்த்தாக வேண்டும். தொலைநோக்கியில் எண்ணிவிட்டு அடுத்த குளத்துக்கு ஓடும் உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. அவருடைய படங்களின் மேல் உங்கள் எண்ணிக்கையை வையுங்கள். இரண்டும் முரண்படும் இடத்தை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். வலசைப் பறவைகள் வரும் காலமும் கும்பப்பூ பயிர்க்காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. மடை திறக்கும் நாளும் குளம் நிரம்பி மறுகால் பாயும் நாளும் வயல்காரரைக் கேட்டால்தான் தெரியும். அவரையும் குழுவில் சேருங்கள்.

இனி அண்ணாவி. வில்லுப்பாட்டில் ஒருவரே பேசிக்கொண்டிருப்பதில்லை. பக்கப்பாட்டுக்காரர் ஆமாம் போடுவார், இடையில் மறித்துக் கேட்பார், அண்ணாவி விளக்கிச் சொல்வார். கேள்விக்கு இவ்வளவு இடம் தரும் வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை விளம்பரத்துக்கு மட்டும் வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் ஆய்வு பாதி நடக்கும்போதே, முடிவு எதுவும் தெரியாத நிலையில், குளத்தின் கதையை அவர் பாடட்டும். மீன் குத்தகைக்காரர், தாமரை பறிப்பவர், கரையில் துணி துவைக்கும் பெண்கள் எல்லாம் கேட்கட்டும். ‘அது அப்படி இல்லை’ என்று யாராவது எழுந்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள். வினாப்பட்டியலோடு வீட்டு வாசலில் நின்றால் அந்த மறுப்பு கிடைக்காது. படித்தவர் கேட்கும்போது நம் ஊரில் பலர் மரியாதைக்கு ஆமாம் சொல்லிவிடுவார்கள். பாட்டு தப்பானால் அந்தத் தயக்கம் இருக்காது. திருத்தங்களோடு அடுத்த தடவை பாடச் சொல்லுங்கள். அந்த இரண்டு பாட்டுகளுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் தரவு.

நிதி விஷயத்தில் உங்கள் துறை சொல்வதற்குப் பயப்படவேண்டாம். கலை என்ற தலைப்பில் தனிப்பத்தி போடாமல் ஓவியத்தையும் பாட்டையும் ஆய்வு முறை பகுதியிலேயே எழுதுங்கள். என்ன தெரிந்துகொள்ள, எந்த மாதம், யார் முன்னால் என்று விவரமாகச் சொன்னால் மதிப்பிடுபவருக்குப் புரியும்.

அப்புறம் பணம். 1966இல் லண்டனில் பார்பரா ஸ்டெவினியும் ஜான் லேதமும் தொடங்கிய ஒரு குழு, ஆலைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கலைஞர்களை அனுப்பியது. கடைசியில் ஒரு படைப்பு கிடைக்கும் என்று அவர்கள் உறுதி தரவில்லை, ஆனால் ஊதியம் உண்டு என்பதில் உறுதியாக இருந்தார்கள். அண்ணாவி உங்களோடு குளக்கரையில் நிற்கும் நாட்களுக்கும் சம்பளம் எழுதுங்கள், கச்சேரி நாளுக்கு மட்டும் போடாதீர்கள். குடக்காரருக்கும் உடுக்கு அடிப்பவருக்கும் தனியாக எழுதுங்கள். கட்டுரை வெளியாகும்போது அண்ணாவியின் பெயரும் ஓவியரின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருக்கட்டும். நன்றியுரையில் போட்டுவிட்டால் போதாது. அறிக்கையை அனுப்புவதற்கு முன் அண்ணாவியிடம் இன்னொரு முறை வாசித்துக் காட்டுங்கள்.