போலீஸ் போனில் என் முகம்: மறுக்க முடியுமா?

கேள்வி: சென்னையில் உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். போன வாரம் இரவு வாகனச் சோதனையில் லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் காட்டினேன். அப்புறமும் ஒரு காவலர் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, தன் போனில் என் முகத்தைப் படம் எடுத்தார். 'ஒண்ணுமில்ல, போ' என்று அனுப்பிவிட்டார். என்மேல் எந்த வழக்கும் இல்லை. இது சரியா? அடுத்த முறை மறுக்கலாமா?

பதில்: அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் முக அடையாள மென்பொருளாக இருக்கும். எடுத்த படத்தை, காவல் நிலையப் பதிவுகளில் இருக்கும் படங்களோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும்.

இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. கிட்டத்தில் வருவது 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம். கைதானவர்கள், தண்டனை பெற்றவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள் போன்றோரிடம் புகைப்படம், கைரேகை, கருவிழிப் பதிவு எடுக்க அது அனுமதிக்கிறது. அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். மற்றவர்களிடம் எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். லைசென்ஸைக் காட்டிவிட்டு நிற்கும் நீங்கள் இந்தப் பட்டியலில் எங்கும் வரவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பும், அதில் அரசு தலையிட முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்கிறது. ஹைதராபாத்தில் 2021-இல் சாலையில் நிறுத்தி மாஸ்கைக் கழற்றச் சொல்லிப் படம் எடுக்கப்பட்ட எஸ்.கியூ. மசூத் என்ற சமூக ஆர்வலர், இதே அடிப்படையில்தான் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

'என்னை எனக்கெதிராகவே சாட்சி சொல்ல வைக்கிறார்கள்' என்ற வாதத்தை மட்டும் எடுக்காதீர்கள். உடல் அடையாளம் தருவது சாட்சியம் ஆகாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

சரி, நடு ரோட்டில் மறுக்கலாமா? சட்டப்படி வாய்ப்பு உண்டு. ஆனால் இரவு பதினோரு மணிக்கு, கையில் ஆர்டர் ஆறிக்கொண்டிருக்கும்போது, தனியாக நின்று வாக்குவாதம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சார், எந்தச் சட்டத்தில் எடுக்கிறீர்கள்?" என்று ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள். பெயர்ப் பட்டை, இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். மறுநாள் கமிஷனர் அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?' என்று வீட்டிலேயே கேட்பார்கள். இந்த மென்பொருள் ஆள் யார் என்று உறுதியாகச் சொல்வதில்லை. எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு சதவீதம் தருகிறது, அவ்வளவுதான். டெல்லி காவல்துறை 80 சதவீதம் பொருந்தினாலே 'பொருத்தம்' என்று எடுத்துக்கொள்வது ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதிலில் தெரியவந்தது. தவறாகப் பொருந்தி மாட்டிக்கொள்பவர், தான் அவன் இல்லை என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டும். காரில் கண்ணாடி ஏற்றிப் போகிறவரை யாரும் ஹெல்மெட் கழற்றச் சொல்லப்போவதில்லை. ராத்திரி வேலைக்காரர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும்தான் திரும்பத் திரும்ப நிறுத்தப்படுகிறார்கள். இந்த அநியாயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. போதாக்குறைக்கு, 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்துவிட்டார்.

உங்களால் செய்யக்கூடிய உருப்படியான காரியம், மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ. மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். உங்கள் படத்தைப் பற்றி மட்டும் கேட்டால் எளிதில் தட்டிக்கழிப்பார்கள்; நடைமுறையைக் கேளுங்கள். சாலையில் படம் எடுக்க அனுமதிக்கும் சுற்றறிக்கையின் நகல், எத்தனை சதவீதம் பொருந்தினால் நடவடிக்கை, பொருந்தாத படம் எத்தனை நாளில் அழிக்கப்படுகிறது என்று தனித்தனியாக எண் போட்டு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, 'பாதுகாப்புக் காரணம்' என்று ஒற்றை வரியில் மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.