தொண்டைமானாறு முதல் சுண்டிக்குளம் வரை: பரவைக் கடல் பற்றிய கேள்வி பதில்

தொண்டைமானாற்று வாயிலிருந்து வல்லை வெளி, கப்பூது, மண்டான் வழியாகக் கிழக்கே போகும் பரவைக் கடலையும் (ஆழம் குறைந்த கடல்நீரேரி), அதன் கரையிலுள்ள தரவைகளையும் (மரமில்லாத உவர் வெளிகள்) பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். கேள்விகளை வந்தபடியே போட்டிருக்கிறேன். ஒரே விடயத்தைக் கேட்ட சிலவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்தேன்.

நெல்லியடி மாணவி: மாஸ்டர், யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை எண்டுதான் வகுப்பில படிச்சம். அப்ப தொண்டைமானாறு என்ன?

வகுப்பில் படித்தது சரிதான், பிள்ளை. வருடம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் கிடையாது. நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையில் பெரும்பங்கை அது உறிஞ்சி விடும். மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும் வழுக்கையாறு ஒன்று உண்டு, அவ்வளவுதான்.

தொண்டைமானாறு உண்மையில் கடலின் ஒரு கை. வடக்கே பாக்கு நீரிணையில் வாய் வைத்து, வடமராட்சியை வலிகாமத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் பிரித்துக்கொண்டு தென்கிழக்கே நீள்கிறது. இடையில் உப்பாறு என்ற கிளை தெற்கே பிரிந்து அரியாலைப் பக்கம் யாழ்ப்பாணப் பரவைக் கடலோடு சேர்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வயல்வெளி வெள்ளமெல்லாம் இதற்குள் வந்து விழும். தை மாதத்தில் பல இடங்களில் தண்ணீர் ஏறக்குறைய நன்னீர். பிறகு சோளகக் காற்றும் (தென்மேற்குக் காற்று) வெயிலும் அதைக் குடிக்கத் தொடங்கும். ஆடி, ஆவணியில் அதே இடத்தில் வெடித்த சேறும் வெள்ளை உப்புப் படையும் இருக்கும். மீன், பறவை, கிணறு, நெல், உப்பு எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் தங்கியிருக்கின்றன. அதனால் கீழே வரும் பதில்களில் பாதி, தண்ணீர் எப்போது உள்ளே வருகிறது, எப்போது வெளியே போகிறது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

கரவெட்டி, நெல் விதைக்கும் ஒருவர்: தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவைப் பூட்டி வைக்கச் சொல்லி நாங்கள், திறக்கச் சொல்லி மீன்பிடிக்கிற ஆக்கள். ஆரில நியாயம் எண்டு ஒளிக்காமல் சொல்லுங்கோ.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது அண்ணை. ஆனால் இரண்டும் ஒரே மாதத்துக்குரிய நியாயம் அல்ல.

உங்கள் பக்கத்தைப் பார்ப்போம். கதவு திறந்து கிடந்தால் மழை நீர் கடலுக்குப் போய்விடும். கோடையில் உவர்நீர் உள்ளே ஏறி, கரையோர வயலையும் கிணற்றையும் கெடுக்கும். கதவைப் பூட்டி நன்னீரை மறித்தால் மாரிதோறும் உப்புக் கழுவப்பட்டு, காலப்போக்கில் தரவை நிலமும் பயிருக்கு வரும். அணை கட்டியதன் நோக்கமே அதுதான்.

மீனவர் பக்கம் இது. இறால் ஆழ்கடலில்தான் முட்டையிடும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் பெருக்கு நீரோடு கழிமுகத்துக்குள் வந்து, சேற்றிலும் சாதாளை என்ற நீர்த்தாவரங்களிலும் ஒளிந்து வளர்ந்து, பருவம் வந்ததும் திரும்பக் கடலுக்குப் போகும். மணலை, கொடுவா மீன்களுக்கும் இந்தப் போக்குவரத்து வேண்டும். குஞ்சு வரும் நேரத்தில் கதவு மூடியிருந்தால் சில மாதம் கழித்து வீச்சு வலை வெறுமையாகத்தான் வரும்.

என் அபிப்பிராயம்: முதல் வெள்ளம் வரும்போது கதவைத் திறந்து, அடியில் தேங்கிய உவரையும் கழிவையும் வெளியே போக விட வேண்டும். மழை ஓயும் முன் நன்னீரைப் பிடித்து மூட வேண்டும். இடையில் எந்த நாட்களில் திறப்பது என்பதை இரு பகுதியாரும் ஒரே மேசையில் இருந்து, உப்புத்தன்மையை அளந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். உப்பை அளக்கும் கருவி இப்போது கைக்குள் அடங்கும் அளவில் கிடைக்கிறது. அளவில்லாமல் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

இதன் பின்னால் இன்னும் பெரிய கனவொன்று உண்டு. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் மறித்து, முள்ளியான் பக்கம் ஒரு கால்வாய் வெட்டி, வடமராட்சி நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் அனுப்புவது. தொண்டைமானாறு, அரியாலை அணைகள் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். சங்கிலி முழுமை பெறவில்லை. அதனால் இந்த அணைகள் குடாநாட்டின் சொந்த மழையை மட்டும் நம்பி நிற்கின்றன.

கனடாவிலிருந்து, குடும்பத்தோடு வரும் ஒருவர்: மாசி மாதம் வாறம். பிள்ளையளுக்குப் பூநாரை காட்டவேணும். எங்க போனால் நிச்சயம் பார்க்கலாம்?

நிச்சயம் என்று எவரும் சொல்ல முடியாது. சொன்னால் நம்ப வேண்டாம். பூநாரை இடத்தைப் பார்த்து வருவதில்லை, தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து வருகிறது. கால் பாதி நனையும் ஆழம், மிதமான உவர், கீழே கலங்கக்கூடிய சேறு, இவ்வளவும் அதற்கு வேண்டும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலால் சேற்றைக் கிளறி, அலகின் உட்பக்கச் சல்லடையால் சிறு உயிர்களை வடித்துத் தின்னும். இளஞ்சிவப்பு நிறமும் அந்த இரையிலிருந்துதான் சேர்கிறது. கூட்டத்தில் சாம்பலும் வெள்ளையுமாக நிற்பவை இளசுகள், வேறு இனமல்ல. பிள்ளைகளுக்கு அதை முதலே சொல்லி வையுங்கோ.

மாசியில் வந்தால் முதலில் வல்லை வெளியையும் கப்பூதுப் பக்கத்தையும் பாருங்கோ. அங்கே நீர் இன்னும் ஆழமாக இருந்தால் அரியாலை, நாவற்குழிக் கரைக்குப் போங்கோ. ஒரு முழுநாள் ஒதுக்க முடியுமென்றால் சுண்டிக்குளம். அது 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவாக ஆனது. வெயில் ஏறும் முன், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கோ. பறவை எழும்புகிற வரை கிட்டப் போகாதேங்கோ. நெடுந்தூரம் பறந்து வந்த உயிர் அது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் திரும்பிப் போவதற்கென்று சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு கரைகிறது. கைத்தொலைபேசிப் படத்துக்காகக் கூட்டத்தைக் கலைப்பவர்களைக் கண்டால் எனக்கு மெத்தக் கோபம் வரும்.

பூநாரை கிடைக்காவிட்டாலும் ஏமாற மாட்டீர்கள். ஊசிவால் வாத்து, சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, பலவகை உள்ளான்கள், ஆலாக்கள் எல்லாம் அந்தக் காலத்தில் இருக்கும்.

தொண்டைமானாறு, ஓர் அம்மா: தொண்டைமான் எண்ட பேர் வந்த கதை உண்மையோ?

கதை பழையது. முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், கரணவாய், வெள்ளைப்பரவைப் பகுதிகளில் விளைந்த உப்பைத் தோணியில் ஏற்ற வசதியாக இந்த நீரோடையை வெட்டி ஆழப்படுத்தினான் என்பது. கலிங்கப் போரில் பெயர் பெற்ற அந்தத் தலைவன் வரலாற்று மனிதன். அவனே இங்கே மண்வெட்டி வைத்தான் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. உப்பு விளைந்தது என்பதற்குச் சாட்சி வேண்டாம், ஆவணியில் தரவையில் நடந்தாலே தெரியும்.

ஆற்றங்கரைச் செல்வச்சந்நிதியின் கதையும் இந்த நீரில்தான் தொடங்குகிறது. ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மருதர் கதிர்காமரை முருகன் அழைத்துப் பூசை செய்யப் பணித்தார் என்பது மரபு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறவர்கள் இன்றும் அந்த வாசலில் இருந்துதான் அடி எடுத்து வைக்கிறார்கள்.

இளைஞர் கழகம் ஒன்றிலிருந்து: தரவையில கண்டல் நடப் போறம். எந்த இனம் நல்லது?

நடுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு மாரியும் ஒரு கோடையும் என்ன நடக்கிறது என்று பாருங்கோ, தம்பிமார். முன்பு கண்டல் நின்று வெட்டப்பட்ட கரை என்றால் தாராளமாக நடலாம். முட்டுவேர் விடும் கண்டல் ஓரளவு நீரோட்டமுள்ள இடத்துக்கு. சேற்றுக்கு மேல் மூச்சுவேர் நீட்டும் கண்ணா கூடிய உவரையும் தாங்கும். அதன் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும், உறிஞ்சிய உப்பை இலையால் வெளியேற்றுகிறது. தில்லை மரத்தைக் கண்டால் கவனம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஆனால் திறந்த தரவையில் நடாதேங்கோ. மரமில்லாத அந்த வெளி பாழ்நிலமல்ல. உள்ளான்களுக்கு இரை அங்கேதான். மாடு மேய்வதும் அங்கேதான். பவளக்காலியும் ஆக்காட்டியும் வெறும் நிலத்தில் முட்டையிடுகின்றன. அங்கே மரக்கன்று வைப்பதும் குப்பை கொட்டுவதும் அந்தப் பறவைகளுக்கு ஒன்றுதான். கழகம் ஏதாவது செய்ய விரும்பினால் வல்லை வெளியில் வீதியோரம் கொட்டப்படும் கோழிக்கழிவையும் பொலித்தீனையும் நிறுத்தப் பாடுபடுங்கோ. அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அச்சுவேலி: எங்கட கிணறு சித்திரைக்குப் பிறகு உவர்க்குது. அயல் கிணறு நல்லா இருக்கு. ஏன்?

சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் உண்டு. மறுவளமாக, மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உவர் நாற்பது அடி ஏறும். மோட்டரால் ஒரேயடியாக இறைப்பதுதான் பெரும்பாலும் காரணம். கல்லில் உள்ள வெடிப்புகள் கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். குறைவாக, இடைவெளி விட்டு இறையுங்கோ. நவக்கிரி நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்.

சாவகச்சேரி: ஆனையிறவால உண்மையாவே யானை போனதோ?

போனது. வன்னியில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த அந்த நீரேரி வழியாகக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அது பெரிய வருமானம். வழியைக் காக்க ஆனையிறவில் கோட்டையும் வைத்திருந்தார்கள். யானை வணிகம் அவர்களுக்கும் முந்தியது. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைப் பாருங்கோ. யானை, குதிரை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் பாதிக்குப் பாதி. ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் பரதேசிகளுக்கு, அதாவது பிறநாட்டவருக்கு, பாதுகாப்பும் சொல்லப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் இந்தக் கரை எவ்வளவு பரபரப்பாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எழுத்து எனக்குத் தெரியாது.

லண்டனிலிருந்து ஒரு சகோதரி: 1993இல சின்னப் பிள்ளையா அம்மாவோட கிளாலியால இரவில வள்ளத்தில வந்தனான். அந்த இடத்தைத் திரும்பப் பார்க்கலாமோ?

பார்க்கலாம், தங்கச்சி. ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் போரால் மூடப்பட்ட அந்த ஆண்டுகளில் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே சனம் போய்வந்த வழி கிளாலிதான். வெளிச்சமில்லாமல் வள்ளங்களைக் கயிற்றில் கோத்து இழுத்துப் போனார்கள். அந்த நீரில் பலர் கொல்லப்பட்டார்கள். கிளாலி யாகப்பர் கோவிலடியில் நின்றால் எதிரே தெரிவது பூநகரிக் கரை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பின் அந்தக் கரைக்கு வாகனத்திலேயே போகலாம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கோ. கிளாலி, முகமாலைப் பக்கம் பாவித்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். மண்டையோட்டுக் குறியிட்ட கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் திரும்பி விடுங்கோ. அம்மாவும் கூட வர முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கோ. அவர் சொல்வதை எழுதி வையுங்கோ. பரவைக் கடலின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பெரும்பகுதி அப்படியான அம்மாக்களிடம்தான் இருக்கிறது.

பருத்தித்துறை: வல்லிபுரத்தையும் மணற்காட்டையும் ஒரே நாளில பார்க்கலாமோ?

ஒரு காலையே போதும். வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு (எழுத்துப் பொறித்த பொன் தகடு) அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தது. நாகதீவில் (யாழ்ப்பாணப் பகுதியின் பழைய பெயர்) ஒரு விகாரை கட்டப்பட்டதைச் சொல்கிறது. ஏறக்குறைய 1,900 ஆண்டுப் பழமை. வல்லிபுர ஆழ்வார் கோவிலில் கும்பிட்டுவிட்டு மணற்காட்டுக்குப் போங்கோ. மணல் விழுங்கிய பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்களைக் காணலாம். மணல்மேடு மழைநீரைப் பிடித்து அடியில் நன்னீராக வைத்திருக்கிறது. அங்கிருந்து மணல் அள்ளினால் பக்கத்து ஊர்க் கிணறு உவர்க்கும்.

மிருசுவில்: முதலை இருக்கோ?

சுண்டிக்குளத்தில் உண்டு. அங்கே நீரில் இறங்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து: பரவைக் கடல் மீனுக்கும் ஆழ்கடல் மீனுக்கும் ருசியில வித்தியாசம் இருக்கெண்டு அப்பா சொல்லுவார். எதை வாங்க?

அப்பா சொன்னதை நம்புங்கோ. ஒடியல் கூழுக்குப் பரவைக் கடல் நண்டும் இறாலும் ஒரு துண்டு மணலையும் சேர்ந்தால்தான் எனக்குத் திருப்தி. விடியச் சந்தைக்குப் போய், சிறகுவலையிலும் வீச்சுவலையிலும் பட்ட மீன் எது என்று கேட்டு வாங்குங்கோ. சினை நண்டையும் குஞ்சு நண்டையும் வாங்காதேங்கோ. வாங்க ஆளில்லை என்றால் அவற்றைப் பிடித்து வருவதும் குறையும்.