ஃபைல் மாறியும் பக்கம் மாறவில்லையா?

கேள்வி: ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் ஜேசான் ஃபைல் சிலருக்கு மட்டும் பாதியில் அறுந்து வருகிறது. என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) கோளாறா?

இல்லை, உங்கள் ஸ்கிரிப்ட்தான். மாதம் தவறாமல் யாராவது இதைக் கேட்கிறார்கள், பழியும் சர்வர் தலையில்தான் விழுகிறது. சர்வர் அனுப்பிக்கொண்டிருக்கும் ஃபைலின் மேலேயே எழுதினால் அது முதலில் பூஜ்ய பைட் ஆகும், பிறகுதான் நிரம்பும். சர்வரோ ஃபைலைத் திறந்ததுமே அளவைப் பார்த்து கன்டென்ட்-லெங்த் (எத்தனை பைட் வரும் என்ற குறிப்பு) சொல்லிவிடும். சொன்னபின் நீங்கள் ஃபைலைச் சுருக்கினால் மிச்சத்துக்கு அது எங்கே போகும்? அப்பாச்சி என்ற இன்னொரு சர்வரில் எம்மேப் (ஃபைலை மெமரியில் பொருத்திப் படிப்பது) இயங்கினால் ப்ராசஸே பஸ் எரரில் (இல்லாத இடத்தைத் தொட்ட மெமரிப் பிழை) விழலாம்.

அதே டைரக்டரியில் வேறு பெயரில் முழுதாக எழுதுங்கள், பிறகு எம்வி (நகர்த்தும் கட்டளை, இங்கே பெயரை மட்டும் மாற்றும்) செய்யுங்கள். ஏற்கெனவே திறந்தவருக்குப் பழையது முழுதாகப் போகும், அடுத்து வருபவருக்குப் புதியது. 'டெம்ப்' டைரக்டரியில் எழுதி எம்வி செய்யாதீர்கள். அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருந்தால் எம்வி வெறும் காப்பிதான், பழைய கதையே. எம்கேடெம்ப் (தற்காலிக ஃபைல் உருவாக்கும் கட்டளை) தரும் ஃபைலுக்கு அனுமதி 600, அதாவது உரிமையாளருக்கு மட்டும். நகர்த்தும் முன் 644 (எல்லோரும் படிக்கலாம்) ஆக்காவிட்டால் 403 (அனுமதி மறுப்பு) வரும். ஆர்சிங்க் (ஃபைல்களை ஒத்திசைக்கும் கருவி) இயல்பாகவே இப்படித்தான் நகர்த்தும். 'இன்பிளேஸ்' (பழைய ஃபைலின் மேலேயே எழுதும் ஆப்ஷன்) போட்டு நீங்களே கெடுக்காதீர்கள்.

கேள்வி: எம்வி முறைக்கு மாறிவிட்டேன். ஆனால் ஒரு நிமிடம் வரை பழையதே வருகிறது.

என்ஜின்எக்ஸில் ஓப்பன்-ஃபைல்-கேஷ் (திறந்த ஃபைலை நினைவில் வைத்திருக்கும் வசதி) போட்டிருப்பீர்கள். மறுபரிசோதனை இடைவெளி இயல்பாக 60 நொடி. 5 ஆக்குங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிஎஸ்எஸ் மாற்றினேன், வரவில்லை. ஏன்?

எந்த சர்வர், என்ன ஹெடர் (பதிலோடு சர்வர் அனுப்பும் குறிப்பு), எதுவும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. 'கர்ல்' (கமாண்ட் லைனில் பக்கத்தைக் கேட்கும் கருவி) கொண்டு ஹெடரைப் பாருங்கள். கேஷ்-கன்ட்ரோல் ஹெடர் இல்லையென்றால் பழையதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று பிரவுசர் தானே கணக்குப் போடும்: ஃபைல் மாறாமல் இருந்த காலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. பத்து நாள் மாறாத ஃபைல் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். அந்த ஹெடரில் நோ-கேஷ் போதும். அதற்குப் பொருள் 'சேமிக்காதே' அல்ல, 'கேட்டுவிட்டுக் கொடு'. நோ-ஸ்டோர் ('சேமிக்கவே சேமிக்காதே') போட்டு 304-ஐயும் ('மாறவில்லை' என்ற சிறு பதில்) இழக்காதீர்கள்.

கேள்வி: கர்லில் புதியது, பிரவுசரில் பழையது. ஜிசிப்-ஸ்டேடிக் (முன்பே சுருக்கிவைத்த ஃபைலை அனுப்பும் வசதி) இயங்குகிறது.

அந்தச் சுருக்கிய ஜிஇசட் ஃபைலைப் புதுப்பிக்க மறந்திருக்கிறீர்கள். கர்ல் கேட்காமல் சுருக்கியதை வாங்காது, பிரவுசர் வாங்கும். இதற்கும் எம்விதான்.

கேள்வி: டாக்கரில் (ப்ரோகிராமைத் தனிப்பெட்டியில் இயக்கும் கருவி) வெளியே மாறிய ஃபைல் உள்ளே மாறவில்லை.

ஒற்றை ஃபைலை மவுன்ட் செய்தால் (உள்ளே தெரியும்படி இணைத்தால்) அது பழைய ஐநோடையே (பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான ஃபைல்) பிடித்திருக்கும். டைரக்டரியை மவுன்ட் செய்யுங்கள்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் கணினி இயக்கும் மென்பொருள்) ஷேர்டு ஃபோல்டரில் பழைய ஜாவாஸ்கிரிப்ட்?

சர்வரில் சென்ட்ஃபைலை (ஃபைலை கர்னல் வழியே நேராக அனுப்பும் வசதி) ஆஃப் செய்யுங்கள்.