அண்ணாவியை யாராவது கேட்டீர்களா?

கேள்வி: நான் கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலைக்காரன். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு எந்த வில்லுப்பாட்டுக் குழுவை அழைப்பது என்பதில் நண்பர்களுக்குள் இரண்டு கட்சி. உடுக்கை, குடம், தமிழ் போதும் என்கிறது ஒன்று. கீபோர்டும் மலையாள விளக்கமும் வேண்டும் என்கிறது மற்றது. சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பாட்டு கேட்டவர்கள் இப்போது முகம் பார்த்துப் பேசுவதில்லை. நான் ஒதுங்கிவிடலாமா?

பதில்: ஒதுங்காதீர்கள், தம்பி.

மொழிச் சண்டைதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. இரவிக்குட்டிப் பிள்ளை போர்க் கதையை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். அவர் வேணாட்டு, அதாவது பழைய திருவிதாங்கூர்ப் படைத்தலைவர். 1630-களில் திருமலை நாயக்கரின் மதுரைப் படையை எதிர்த்து, நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில் மாண்டார். மதுரைப் படையிடம் உயிர்விட்ட வேணாட்டு வீரனுக்காகத் தமிழில் அழுத பாட்டு அது. மலையாள ஆய்வாளர்களோ அதைத் தங்கள் ‘தெக்கன் பாட்டுகள்’ வரிசையில் வைத்துப் போற்றுகிறார்கள். இதை எப்படிப் பங்கு பிரிப்பீர்கள்? 1956 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, உங்கள் பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மாடனுக்கும் இசக்கிக்கும் அதற்கு முன்பும் பின்பும் இரண்டு பக்கமும் கொடை நடக்கிறது. பந்தலில் இருப்பவர்களில் பலருக்கு மலையாளம்தான் ஓடும் என்றால், தமிழில் பாடிவிட்டு நடுவே கதையை மலையாளத்தில் அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர், சொல்லட்டுமே. பக்கத்து வீட்டு அம்மாவும் கதை புரிந்து குலவையிடுவார்.

கீபோர்டுக்கு வருவோம். ஆர்மோனியமும் பிற்காலத்தில் வில்லோடு வந்து சேர்ந்ததுதான். நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி கதையையே வில்லில் பாடினார். சுப்பு ஆறுமுகம் கொடைப் பந்தலுக்கு வெளியே வில்லைக் கொண்டுபோய், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர்களால் வில்லுக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆனாலும் உடுக்கைக் கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கதையில் சாமி வரவேண்டிய கட்டம் நெருங்கும்போது உடுக்கையும் குடமும் வேகம் ஏறும். அந்த ஏற்றத்தில்தான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். அங்கே கீபோர்டு சத்தம் உடுக்கையை மூடினால், கெடுவது ரசனை மட்டும் அல்ல, வழிபாடே கெடும். அந்தக் கட்டத்தில் கீபோர்டை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் குறைத்து வைக்கும்படி மைக்செட்காரரிடம் சொன்னால் போதும்.

சரி, இவ்வளவு சண்டையில் யாராவது அண்ணாவியைக் கேட்டீர்களா? எந்தக் கதையை எப்படிப் பாடினால் உங்கள் கோயிலுக்குப் பொருந்தும் என்று அவருக்குத் தெரியும். ஏட்டுக்கு ஏடு, அண்ணாவிக்கு அண்ணாவி கதை கொஞ்சம் மாறும். அது பிழை இல்லை. பாடிப் பாடி வந்ததால் ஏற்பட்ட மாற்றம். பல குழுக்களில் குடம் அடிப்பவருக்குக் கொடைக்காலம் முடிந்தால் வேறு வேலைதான் சோறு போடுகிறது. சண்டையில் ஒரு வருடம் பாட்டு நின்றால் நஷ்டம் அவருக்குத்தான். அதனால் கமிட்டி முதலில் சம்பளத்தைப் பேசி, முன்பணமும் கொடுத்துவிடட்டும்.

அப்புறம், பேசாமல் இருக்கும் நண்பரிடம் நீங்களே போங்கள். கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ஊர்ப் பிள்ளைகளில் யாருக்காவது உடுக்கை பழக ஆசை இருந்தால், அவர்களை அண்ணாவியிடம் சேர்த்துவிடும் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய முறையில் அவ்வளவு பிடிப்பு உள்ளவர் அதை மனம் வைத்துச் செய்வார்.