ஜோனிதான் வரை போனவர்

வணக்கம். ஜப்பானிய மல்யுத்தமான சுமோவில் ஹகுஹோதான் எல்லோரையும் விடப் பெரியவர், 45 பட்டம் வென்றவர். நீங்களோ 10 பட்டம் வென்ற தெருனோஃபுஜியைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். இருவரும் மங்கோலியர்கள்தான். அப்படி அவரிடம் என்ன கண்டீர்கள்?
– ஒரு வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

ஹகுஹோவின் சாதனையில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் என் மனம் போய் நிற்பது 2019 மார்ச்சில்.

தெருனோஃபுஜி உலான்பாத்தரில் பிறந்தவர். 2015இல் முதல் பட்டம் வென்று, சுமோவின் உச்சப் படியான யோகொசுனாவுக்கு ஒரு படி கீழான ஓசெகி ஆனார். அப்புறம் இரண்டு முழங்கால்களும் போயின. கூடவே சர்க்கரை நோய். சுமோவில் ஆடாமல் இருந்தாலும் தரவரிசை இறங்கிக்கொண்டே போகும். அப்படி இறங்கி, ஆறு பிரிவுகளில் ஐந்தாவதான ஜோனிதானுக்கு வந்து சேர்ந்தார். ஓசெகியாக இருந்த ஒருவர் அவ்வளவு கீழே போய் ஆடியது அதுவரை நடந்ததே இல்லை.

அங்கே சம்பளம் கிடையாது. பட்டுக் கச்சை போய்க் கறுப்புப் பருத்திக் கச்சை. குளிர்காலத்திலும் யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியும் மரச்செருப்பும்தான். போட்டி காலையிலேயே முடிந்துவிடும். அந்நேரம் அரங்கில் ஆளே இருக்காது. மாலையில் நிரம்பி வழியும் அரங்கில் கோப்பையைத் தூக்கியவர், பதின்ம வயதுப் பையன்களோடு இந்த ஆளில்லா அரங்கில் நின்றார். விலகிவிடுகிறேன் என்று பலமுறை கேட்டும் அவருடைய குரு இசெகஹமா விடவில்லை; முதலில் உடம்பைச் சரிசெய் என்றார். குருவும் ஒரு காலத்தில் யோகொசுனாவாக இருந்தவர். அவர் மட்டும் சரி என்று சொல்லியிருந்தால்? அதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அந்த மார்ச்சில் ஏழு போட்டியிலும் வென்றார். 2020 ஜூலையில் உயர்பிரிவுக்குத் திரும்பினார். கடைசி வரிசையிலிருந்து ஆடி, அந்தத் தொடரிலேயே பட்டத்தையும் வென்றார்.

2021 ஜூலை, நகோயா. கடைசி நாள்வரை அவரும் ஹகுஹோவும் ஆளுக்கு 14 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. அன்று தெருனோஃபுஜி தோற்றார். ஹகுஹோவுக்கு அதுவே கடைசிப் போட்டி. சில நாட்களில் தெருனோஃபுஜி 73ஆவது யோகொசுனா ஆனார். அந்தப் போட்டியின் வீடியோ கிடைத்தால் பாருங்கள். யார் தள்ளினார், யார் விழுந்தார் என்பதோடு, தெருனோஃபுஜியின் இரண்டு முழங்கால்களிலும் இருக்கும் கட்டுகளையும் பாருங்கள்.